பல்லும் பட்டறையும்

தலைக்கு இடி, காதுக்குக் குத்து, பல்லுக்குக் கொதி என்று நோவுக்கு நோவு வேறு வேறு சொல் வைத்திருக்கின்றனர் நம்மூர் மக்கள். அவற்றுள் பல்லுக்கு மட்டும் 'கொதி' என்னும் சொல் வாய்த்தது தற்செயலானதன்று. இரவு முழுவதும் உலையிலிட்ட நீர்போல் தாடைக்குள் ஏதோ ஒன்று பொங்கிக்கொண்டிருக்க, விடியும்வரை விழித்திருந்தவர்களே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும்.

சென்ற தவணையில் ஒருநாள் எட்டாந் தரத்தில் நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் கன்னத்தைக் கையால் பொத்தியபடி மேசைமீது கவிழ்ந்து கிடந்தான். அருகே சென்றபோது கராம்பின் மணம் வீசிற்று. "என்ன மனே, பல்லுக் கொதியா?" என்று கேட்டோம். வாய் திறவாமல் தலையை மட்டும் அசைத்தான். அவன் மருதமுனையில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. நான்கு நாட்கள் அவனைக் காணவில்லை. திரும்பி வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று இல்லாமற் போயிருந்தது. அன்று அவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான்: "சேர், பல்லுப் புடுங்குற குறட்ட முதல்ல செஞ்சவன் ஆரு?"

வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. விடை நமக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். அது நல்ல கேள்வி என்பது மற்றொரு காரணம். மன்னர்களின் பட்டாபிஷேக ஆண்டுகளை மனனஞ் செய்விக்கும் நாம், மனிதனின் வேதனையைத் தணித்த கருவிகளின் பிறப்பை எந்தப் பாடத்திலும் கற்பிப்பதில்லை.

தேடிப் படித்தபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. பல் மருத்துவக் கருவிகளுள் பல, மருத்துவரின் மேசையில் பிறந்தவையல்ல. மணி துளைப்பவன், தட்டான், கொல்லன், நூல் நூற்பவள் ஆகியோரின் பட்டறையிலும் வீட்டு முற்றத்திலும் உருவானவை. இது முதலாவது உண்மை. அவ்வாறு உழைப்போரின் கையில் பிறந்த கருவி, உழைப்போரின் வாய்க்குக் கடைசியாகவே வந்து சேர்ந்தது. இது இரண்டாவது உண்மை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லைத் துளைத்துச் சிகிச்சை செய்தமைக்கு நாம் அறிந்த மிகப் பழைய சான்றுகளுட் சில, ஐரோப்பாவிலன்றி நமது துணைக்கண்டத்திலேயே கிடைத்துள்ளன. பலுச்சிஸ்தானத்தில் மெஹர்கார் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் 9 மனிதர்களின் 11 கடைவாய்ப் பற்களில் துளைகள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டு, 2006ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். அப்பற்கள் ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. துளையின் விளிம்புகள் தேய்ந்திருந்தமையால், துளைக்கப்பட்ட பின்னரும் அம்மனிதர்கள் உயிரோடிருந்து அப்பற்களால் உணவு மென்றனர் என்பது தெளிவாயிற்று. எக்கருவியால் துளைத்தனர்? அவ்வூரார் கல்மணிகளில் துளையிடக் கைதேர்ந்தவர்கள். கூரிய கல்முனை பொருத்திய கோலை வில்லின் நாணால் சுற்றிச் சுழற்றும் முறை அவர்களுக்குக் கைவந்திருந்தது. நம் தச்சர்கள் துரப்பணத்தை இயக்கியதும் அதே முறையில்தான். மணியைத் துளைத்த கையே பல்லையும் துளைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. உலகின் முதற் பல் வைத்தியர்களுள் ஒருவன் மணித் தொழிலாளியாக இருந்திருத்தல் கூடும். அவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து நம்மூர்ப் பள்ளிவாசற் படிக்கட்டுக்கு வருவோம். தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கும் முதியவர்களை இன்றும் காண்கின்றோம். பல்லைத் தூய்மையாக வைத்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியமையால் அரேபியப் பாலைநிலத்து மரமொன்றின் குச்சி முஸ்லிம் உலகெங்கும் பரவிற்று. அம்மரம் நமக்கு அந்நியமானதன்று. சங்கப் பாடல்கள் பாலைத் திணையில் கூறும் உகாய் மரம் அதுவே என்பர். நுனியை மென்று நாராக்கினால் துலக்குகோல் தயார். பணம் வேண்டியதில்லை, பட்டறையும் வேண்டியதில்லை. மனிதன் கண்ட பற்கருவிகளுள் மிகவும் சமத்துவமான கருவி இதுவே எனலாம்.

குச்சியிலிருந்து உலோகக் கருவிக்கு வருங்கால் அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவியின் பெயர் முன்னிற்கின்றது. ஸ்பெயினில் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்து, ஏறத்தாழ 1013ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். அவர் எழுதிய 'தஸ்ரீப்' என்னும் பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி சத்திர சிகிச்சை பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் உருவங்கள் அதில் வரையப்பட்டுள்ளன. பல்லில் படியும் காறையைச் சுரண்டுதற்கென்றே பலவகைச் சுரண்டிகளை அவர் வரைந்து காட்டினார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குக்கு ஒன்று என வடிவம் வேறுபடும். ஆடும் பற்களைப் பொன் கம்பியால் பிணைக்கும் முறையையும், விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை வைத்துக் கட்டும் முறையையும் விளக்கினார். நோவு இடம்மாறித் தோன்றுமாதலால் எந்தப் பல் என்பதை உறுதிசெய்யாமல் பிடுங்கலாகாது என்றும், அறிவற்ற நாவிதர்கள் பல்லை முறித்து வேரைத் தாடையில் விட்டுவிடுகின்றனர் என்றும் எச்சரித்தார்.

அஸ்-ஸஹ்ராவியின் பெயரை மேடைகளில் பெருமையோடு உச்சரிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது தவறு. கம்பியை மெல்லிதாக இழுத்தவன் தட்டான். சுரண்டியின் நுனியை வளைத்துத் தீட்டியவன் கொல்லன். அவர்களின் கைத்திறனை இழிவென்று ஒதுக்காமல் அருகிருந்து கவனித்து எழுத்தில் பதித்தமையே அம்மேதையின் சிறப்பு. அவர் நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் கிரெமோனா ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியரின் கைந்நூலாக இருந்தது. அறிவு மொழியெல்லையைத் தாண்டியபோதே வளர்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? நம் தீவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

ஐரோப்பாவில் இவ்வறிவு ஏட்டில் இருந்தது; சந்தையில் இருந்தது வேறொன்று. ஏழையின் பல்லைப் பிடுங்கியவன் நாவிதன் அல்லது ஊரூராய்ச் சுற்றும் பல்பிடுங்கி. அவன் கையிலிருந்த கருவி ஒன்றுக்குக் கூழைக்கடா என்று பெயர். அக்கரைப்பற்றுப் பக்கத்து நீர்நிலைகளில் கூழைக்கடாவின் அலகைக் கண்டவர்களுக்கு அக்கருவியின் கொக்கி எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முரசின்மீது ஒரு முனையை ஊன்றி, மறுமுனைக் கொக்கியால் பல்லைப் பக்கவாட்டில் நெம்புவது அதன் முறை. 18ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பற்சாவி பிடித்தது. பூட்டில் சாவியைத் திருகுவதுபோல் பல்லைத் திருகும் கருவி அது. பல்லோடு தாடையெலும்பின் துண்டும் பெயர்ந்து வருவது அக்காலத்தில் அரிதன்று.

இந்நிலையில் 1728ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பியேர் போஷார் பல் மருத்துவத்துக்கென்றே இரு தொகுதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். பாபிலோனியர் காலந்தொட்டு உலகம் நம்பிவந்த பற்புழுவை அவர் நுண்காட்டி கொண்டு தேடினார். காணவில்லை என்று துணிந்து எழுதினார். தொழில் இரகசியங்களை மூடி வைத்துப் பிழைத்த காலத்தில், தம் கருவிகளையும் முறைகளையும் படம் வரைந்து பகிரங்கப்படுத்தினார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரை அழைப்பது இதனாலேயே.

மாணவன் கேட்ட கேள்விக்கு இனி விடை கூறலாம். குறடு மிகப் பழைய கருவி. அதை முதலில் செய்த கொல்லன் யாரென்று சரித்திரம் அறியாது. ஆனால் இன்று வைத்தியசாலைகளில் காணும் குறட்டின் அமைப்பு 1841ஆம் ஆண்டளவில் இலண்டனில் உருவாயிற்று. ஒவ்வொரு பல்லின் கழுத்தும் ஒவ்வொரு வடிவினது. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் தனித்தனி அலகு வேண்டும் என்று கண்டவர் ஜோன் டோம்ஸ். அதை எஃகில் வடித்துக் கொடுத்தவர் எவ்ரார் என்னும் கருவிசெய் தொழிலாளர். பாடநூல்களில் டோம்ஸின் பெயர் பெரிதாக நிற்கின்றது. எவ்ராரின் பெயர் கிடைத்ததே அதிசயம். முன்னைய ஆயிரம் ஆண்டுகளின் கொல்லர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கருவி வளர்ந்த அதே காலத்தில் ஏழையின் வாய் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டு இலண்டனில், வறிய இளைஞரின் ஆரோக்கியமான பல்லை விலைக்கு வாங்கிப் பிடுங்கி, அந்தச் சூட்டோடு செல்வரின் தாடையில் பொருத்திப் பார்த்தனர். புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹண்டரே இதனை ஆதரித்தார். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், நீக்ரோ மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கப் பணம் கொடுத்தமைக்குக் குறிப்பு உண்டு. 1815ஆம் ஆண்டில் வாட்டர்லூப் போர்க்களத்தில் வீழ்ந்த சிப்பாய்களின் பற்கள் பிடுங்கப்பட்டு, சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கட்டுப்பல்லாயின. 'வாட்டர்லூப் பற்கள்' என்னும் பெயர் வியாபாரத்தில் நிலைத்தது. உழைப்பவன் உயிரோடிருக்கையில் அவன் கையின் உழைப்பை எடுத்த சமுதாயம், செத்த பின் அவன் வாயின் பல்லையும் விடவில்லை.

சுழலும் கருவியின் கதை இதனினும் சுவையானது. வாஷிங்டனின் பல் வைத்தியராக இருந்த ஜோன் கிரீன்வூட், 1790ஆம் ஆண்டளவில் தம் தாயின் நூற்கும் இராட்டையைப் பல் துளைக்கும் பொறியாக மாற்றியமைத்தார். காலால் மிதித்தால் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் துளைமுனை சுழலும். 1871ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மொரிசன் என்னும் அமெரிக்கர் தையல் இயந்திரத்தின் மிதிபலகையைத் தழுவி ஒரு பொறியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அது நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்கள் சுழன்றது. 1875ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கிரீன் மின்சாரத்தால் இயங்கும் துளைபொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் உலகின் பெரும்பகுதிக்கு மின்சாரம் எட்டாதிருந்தமையால் மிதிபலகைப் பொறியே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. மருதமுனைத் தறியில் நெசவாளியின் பாதம் மிதியை அழுத்தும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நம் மாணவன். பல் துளைக்கும் பொறியும் அதே மிதியிலிருந்து பிறந்தது என்று கூறியபோது அவன் முகத்தில் தோன்றிய வியப்பை நாம் எளிதில் மறக்கமாட்டோம்.

நோவை வென்ற கதையிலும் உழைப்போரின் அறிவும் வியாபாரியின் பேராசையும் பின்னிக் கிடக்கின்றன. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹோரஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், வேடிக்கைக் காட்சியொன்றில் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்தவன் காலில் அடிபட்டும் நோவறியாதிருந்ததைக் கண்டார். மறுநாளே அவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் பல்லைப் பிடுங்குவித்தார். அடுத்த ஆண்டு பொஸ்டனில் மருத்துவர் முன்னிலையில் செய்துகாட்டியபோது நோயாளி முனகினான். கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். அவருடன் முன்னர் தொழில் செய்த வில்லியம் மோர்ட்டன் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ஈதரைக் கொண்டு அதே நகரில் வெற்றி கண்டார். உடனே அவர் நாடியது காப்புரிமையை. ஈதர் என்பது பிறர் அறியாதிருக்க அதற்கு நிறமும் மணமும் ஊட்டி வேறு பெயரிட்டார். மனிதகுலத்தின் நோவைத் தணிக்கும் மருந்துக்கு வேலி கட்டும் அம்முயற்சி நிலைக்கவில்லை. வெல்ஸ் 1848ஆம் ஆண்டில் மனமுடைந்து சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இன்று நமக்குப் போடும் விறைப்பு ஊசியின் மூலம் வேறோர் இடத்தில் இருக்கின்றது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் சுமை தூக்கியும் சுரங்கம் வெட்டியும் வாழ்ந்த மக்கள் களைப்புத் தெரியாதிருக்கக் கோக்கா இலையை மென்றனர். அவ்விலையிலிருந்து ஐரோப்பியர் பிரித்தெடுத்த கொக்கெயின், உடலின் ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் என்று 1884ஆம் ஆண்டில் கார்ல் கொல்லர் நிறுவினார். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் நஞ்சு. அதற்கு மாற்றாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோக்கெயினும், 1943ஆம் ஆண்டில் சுவீடனில் நீல்ஸ் லொவ்கிரனின் ஆய்வுகூடத்தில் லிடோக்கெயினும் உருவாயின. கல்முனையிலும் காத்மண்டுவிலும் இன்று ஒரு பிள்ளை அழாமல் பல் பிடுங்கிக்கொள்கிறதென்றால், பெயரறியா மலைநாட்டுச் சுமைகாரன் மென்ற இலைக்கும் அதில் பங்குண்டு.

இரப்பரின் கதை நம் தீவுக்கு இன்னும் நெருக்கமானது. கட்டுப்பல்லின் அடித்தளம் நெடுங்காலம் பொன்னாலும் தந்தத்தாலும் ஆனது. எனவே அது செல்வர்க்கே உரியது. இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் கண்டபின், 1850களில் அதன் கடினமான வகை ஒன்று பிறந்தது. வாயின் அச்சுக்கு அப்படியே பொருந்தும், விலையோ மலிவு. சாதாரண மக்களும் முதன்முதலாகக் கட்டுப்பல் வைக்கலாம் என்ற நிலை தோன்றிற்று. உடனே வந்தது வேலி. அமெரிக்காவில் ஒரு கம்பனி காப்புரிமையைக் கைப்பற்றி, இரப்பர்ப் பல் செய்யும் ஒவ்வொரு வைத்தியரும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வழக்குமேல் வழக்குத் தொடுத்தது. துன்புறுத்தலுக்கு ஆளான சாமுவேல் சல்பான்ட் என்னும் பல் வைத்தியர், 1879ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகர விடுதியொன்றில் அக்கம்பனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனைச் சுட்டுக் கொன்றார். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. மக்களின் வாய்க்கு வரவேண்டிய பல்லைத் தனியுடைமையாக்கியதன் விளைவை மட்டுமே சுட்டுகின்றோம். 1881ஆம் ஆண்டில் காப்புரிமை காலாவதியான பின்னரே இரப்பர்ப் பல் விடுதலை பெற்றது. இதற்கிடையில், 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் இத்தீவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தொழிலாளரின் வியர்வையும் உலகச் சந்தைக்குப் போயிற்று. அவர்களுள் எத்தனை பேர் கட்டுப்பல் அணிந்தனர் என்று எவரும் கேட்டிலர்.

எக்ஸ் கதிர்களை ரொண்ட்கன் 1895ஆம் ஆண்டு நவம்பரில் கண்டார். சில வாரங்களுக்குள் ஒட்டோ வல்கோப் என்னும் ஜெர்மானியர் 25 நிமிடங்கள் அசையாதிருந்து தம் பற்களை அக்கதிரால் படம்பிடித்தார். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் அக்கதிரைப் பல் வைத்தியத்துக்குப் பயன்படுத்தி, அதன் தீங்கறியாமல் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928ஆம் ஆண்டில் மாண்டார். கருவிக்காகத் தம் உடலைக் கொடுத்தவர்களும் இவ்வரலாற்றில் உண்டு.

பல் ஏன் சொத்தையாகின்றது என்பதற்கு விடை 1890ஆம் ஆண்டில் கிடைத்தது. பெர்லினில் பணியாற்றிய வில்லபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் இனிப்பையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன என்றும், அந்த அமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் விளக்கினார். புழு வெளியேறியது, சீனி உள்ளே வந்தது. அடிமைகளின் உழைப்பில் மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சீனி மலிவடைந்தபோது ஐரோப்பிய ஏழையின் பல் அழுகத் தொடங்கிற்று. நம் மாவட்டத்து ஹிங்குராணையிலும் கரும்பு விளைகின்றது. நம் பாடசாலை வாசலிலும் இனிப்பு விற்கின்றது. ஐந்து ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ பிள்ளை வாங்கும் இனிப்பின் கணக்கைத் தாய் பின்னர் வேறொரு நாணயத்தில் தீர்க்கின்றாள்.

இனி, ஒரு சிறு நாட்டின் இரு கண்டுபிடிப்புக்களை ஒப்பிடுவோம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடாதிபதி ஜோன் பற்றிக் வோல்ஷ், காற்றழுத்தத்தால் சுழலும் துளைபொறி ஒன்றை அமைத்து 1949ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அக்கொள்கையின் வழிவந்த பொறி 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது நிமிடத்துக்குச் சுமார் 300,000 சுற்றுக்கள் சுழன்றது. மிதிபலகையின் 2,000 எங்கே, இது எங்கே! நோயாளியின் துன்பம் பெரிதும் குறைந்தது. இது பாடநூல்களில் இடம்பெற்ற கண்டுபிடிப்பு.

அதே நாட்டின் மற்றொரு கண்டுபிடிப்பு எஃகினால் ஆனதன்று. முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பற்கள் எவ்வளவு கெட்டிருந்தன என்பது வெளிப்பட்டது. போருக்குப் பின் தோமஸ் ஹண்டர் என்னும் பல் வைத்தியர் ஒரு வழி கண்டார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் எல்லாப் பாடசாலைகளுக்கும் போதார். ஆதலால் இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் தகுதியுடையவர்களாக்கிப் பாடசாலைக்கே அனுப்புவோம் என்றார். வைத்தியர் பலர் எதிர்த்தனர். ஆயினும் 1921ஆம் ஆண்டில் வெலிங்டனில் பயிற்சி தொடங்கிற்று. இம்முறை உலகின் பல நாடுகளுக்குப் பரவிற்று. 1950களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு நம் நாட்டிலும் மகரகமையில் பாடசாலைப் பல் தாதியருக்கான பயிற்சிக்கூடம் உருவானது. இன்று அவர்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என அழைக்கின்றோம்.

இவ்விரு கண்டுபிடிப்புக்களுள் எது பெரிது? வேகமாகச் சுழலும் பொறி, கதிரையில் வந்து அமர்ந்தவனின் நோவைக் குறைத்தது. பாடசாலைத் தாதி, கதிரைக்கே வர வழியற்ற பிள்ளையைத் தேடிச் சென்றாள். முன்னதைக் கருவி என்கின்றோம். பின்னதை நிர்வாகம் என்று ஒதுக்குகின்றோம். நம் கருத்தில் பின்னதும் கருவியே. மக்களிடம் கொண்டு சேர்க்கும் வழி கண்டுபிடிக்கப்படாதவரை எந்தக் கண்டுபிடிப்பும் முற்றுப்பெற்றதாகாது.

இதை மெய்ப்பிக்கும் சான்று அண்மைக் காலத்திலும் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் தான்சானியாவின் கிராமங்களில் மின்சாரமில்லை. துளைபொறி இருந்தும் பயனில்லை. அங்கு பணியாற்றிய ஜோ பிரென்கன் என்னும் டச்சு வைத்தியரும் அவருடன் இருந்தோரும், கைக்கரண்டி போன்ற சிறு கருவிகளால் மெலிந்துபோன சொத்தையை மட்டும் சுரண்டியெடுத்துக் குழியை அடைக்கும் முறையை வகுத்தனர். 1994ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதை ஊக்குவித்தது. அடைப்பதற்குப் பயன்பட்டது கிளாஸ் அயனோமர் என்னும் சீமெந்து. அது பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். பல்லுக்குப் புளோரைட்டும் தரும். 1970ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் அரசாங்க இரசாயன ஆய்வுகூடமொன்றில், பொதுப்பணத்தில், அலன் வில்சனும் பிரையன் கென்டும் அதை உருவாக்கினர். பாதரசம் கலந்த பழைய அடைப்பைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை உலகை வற்புறுத்தியபின் அச்சீமெந்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதனையும் புளோரைட்டுப் பற்பசையையும் சேர்த்தது. அஸ்-ஸஹ்ராவியின் சுரண்டி ஆயிரம் ஆண்டு கழித்து மிதியும் மின்சாரமும் இல்லாத கிராமத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். ஏழையை மனத்தில் வைத்துச் சிந்தித்தால் விஞ்ஞானம் அவனுக்கேற்ற வடிவம் கொள்ளும் என்பதே இதன் பாடம்.

எனினும் உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வாய்நோயால் வருந்துவோர் ஏறத்தாழ 350 கோடிப் பேர். அது மனிதகுலத்தில் ஏறக்குறையப் பாதி. அவர்களுள் நால்வரில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். கருவி குறைவுபட்டதால் வந்த நிலையன்று இது.

நம் கரைக்கு மீள்வோம். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இது மக்கள் பெற்ற பெரும் உரிமை. இதைக் காத்தல் நம் கடன். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் விலையையும் கூறத்தான் வேண்டும். விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நெசவாளிக்கு அன்றைய தறி ஓடாது. கரைவலை இழுப்பவனுக்கு அன்றைய பங்கு கிடையாது. எனவே கராம்பை வைத்து அடக்குகின்றனர். கராம்பு மூடத்தனமன்று, அதன் எண்ணெயைத் துத்தநாகத் தூளோடு குழைத்துப் பல்லடைக்கும் சீமெந்து செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கிலுள்ளது. ஆனால் கராம்பு நோவை மறைக்கும், நோயை நிறுத்தாது. கராம்பு தோற்கும் நாளில் பல்லை அடைக்கும் காலம் கடந்துவிடுகின்றது. பிடுங்குவது ஒன்றே எஞ்சுகின்றது. அதுவரை வந்த ஆயிரமாயிரம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்களுள் அவன் வாயை எட்டியவை இரண்டே: விறைப்பு ஊசியும் குறடும்.

வெற்றிலை மெல்லும் முதியோரின் கதையும் இதுவே. நம் நாட்டு ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் அதற்கு வித்திடுகின்றன. தொடக்கத்தில் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்படலத்தையோ செம்படலத்தையோ காண்பதற்கு வேண்டிய கருவி ஒரு சிறு கண்ணாடியும் வெளிச்சமுமே. பற்கருவிகளுள் மிக மலிவானது உயிரைக் காக்கவல்லது. ஆனால் வாயைத் திறந்து காட்டும் நாள் பலருக்கு வருவதில்லை.

ஆசிரிய நண்பர்களே, இங்கே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, கடைவாயில் ஒரு பல் முளைக்கின்றது. அதுவே முதல் நிரந்தரப் பல். அதையும் பாற்பல் என்றெண்ணி, விழுந்தால் முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். நம் மாணவன் இழந்தது அந்தப் பல்லைத்தான். ஏழு வருடங்கள் அது அவன் வாயில் இருந்தது. முதற் சில ஆண்டுகளில் எவரேனும் பார்த்திருந்தால் அரைமணி நேர வேலையில் அடைத்திருக்கலாம். பற்சிகிச்சையாளர் நம் பாடசாலைக்கு ஆண்டுதோறும் வருகின்றாரா, வராவிடின் ஏன் வரவில்லை, வரும்போது அடைப்பதற்கான பொருள் கையிலிருக்கின்றதா என்று எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதைக் கண்டவர்கள் நாம். கேட்காத உரிமை மெல்ல மெல்ல இல்லாமற் போகும்.

மாணவனின் கேள்விக்கு நாம் விடை கூறினோம். கொல்லன் ஒருவன் செய்தான். அவன் பெயர் தெரியாது. பின்னர் டோம்ஸ் என்பவரும் எவ்ரார் என்பவரும் திருத்தினர் என்றோம். அவன் சிறிது நேரம் யோசித்தான். "அப்ப அடைக்கிறதையும் அப்பவே கண்டுபுடிச்சிருந்தாங்களா சேர்?" என்று கேட்டான். அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள் என்று சொல்லும்போது நமக்கு நாணமாக இருந்தது.

அவனுடைய தம்பி முதலாந் தரத்தில் படிக்கின்றான். வயது ஆறு. மறுநாட் காலையில் அவனை அழைத்து வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னோம். கீழ்த்தாடையின் இரு பக்கத்திலும் புதிய கடைவாய்ப் பற்கள் வெள்ளையாக எட்டிப் பார்த்தன.